ஆந்தை ஆர்டர்

1

திருப்பூரில் தைக்கிற துணி கப்பல் ஏறிப் போய் எங்கே இறங்குகிறது என்று நம் ஊரில் பலருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், அதன் சுற்றுச்சாலையை ஒட்டி விமான நிலையம் அளவுக்கு ஒரு கடை. அந்தக் கடையின் குழந்தைகள் பிரிவில்தான் நான் சீருடை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வேலம்பாளையத்தில் என் தம்பி நந்தகுமார் தைத்து அனுப்பும் உடுப்பை இங்கே கொக்கியில் மாட்டுவது நான். நாடெங்கும் நூற்றுக்கணக்கில் கிளை வைத்திருக்கும் கம்பெனி அது. நாங்கள் அக்காவும் தம்பியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

தினமும் காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் மேனேஜர் கிரெய்க் எங்களைக் கூட்டி வைத்து அன்றைய செய்தி சொல்வார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் பேசுகிற வட்டார இங்கிலீஷ் இத்தனை வருஷமாகியும் எனக்குப் பாதிதான் புரியும். போன ஜூலையில் ஒரு நாள் காகிதத்தைப் பார்த்தபடியே, "ஆல்ஸ் கான்" என்றார்.

எல்லாம் போச்சு என்று என் காதில் விழுந்தது. கடையை மூடப் போகிறார்கள். வேலை போச்சு. கடனில் வாங்கிய வீடு போச்சு. பக்கத்தில் நின்ற, கூட வேலை செய்யும் ஜோனின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

ஜோன் என் காதோரம், "ஆந்தை, கோகிலா, ஆந்தை. இந்த சீசனில் ஆந்தை கிடையாதாம்" என்றாள்.

அடடா, ஆந்தைதானா! 'அவுல்' என்று நாம் சொல்வதைத்தான் அந்த மனிதர் 'ஆல்' என்று இழுத்திருக்கிறார். குழந்தைகள் பிரிவில் பாதியைக் காலி செய்துவிட்டு அந்த இடத்தில் வாசனை மெழுகுவத்தி வைக்கப் போகிறார்களாம். இலையுதிர் காலத்துக்கு வரவேண்டிய ஆந்தைப் படம் போட்ட நைட் டிரஸ் ரத்து. இவ்வளவுதான் செய்தி. போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன். கிரெய்க்கும் சிரித்தார்.

டீ குடிக்கப் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஆந்தையைத் தைப்பதே என் தம்பி.

2

ஓய்வறையிலிருந்தே போன் போட்டேன்.

"நந்து, ஆந்தையெல்லாம் இப்ப எங்கடா இருக்குது?"

"பெட்டி கட்டியாச்சுங்க்கா. நாளன்னைக்கு லாரி ஏத்தறனுங்க. ஏனுங்க்கா, உங்க கடைக்கு சீக்கிரம் வேணும்னு சொல்றாங்களா?"

அவன் குரலில் அவ்வளவு பெருமை.

"ஏத்தாதடா. ஆந்தை வேண்டாமாம்."

"வேற என்ன வேணுமாமுங்க?" என்று கேட்டான், ஓட்டலில் இட்லி தீர்ந்துவிட்டால் தோசை கொண்டு வரட்டுமா என்று கேட்பதைப்போல.

"மெழுகுவத்தி."

"அதைத் தைக்க முடியாதுங்களேக்கா" என்றான் என் தம்பி. சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன்.

கம்பெனியிலிருந்து முறையான கடிதம் அவனுக்கு அப்புறம்தான் போய்ச் சேர்ந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். வருந்துகிறோம், புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறோம், நம் உறவு தொடரும் என்றெல்லாம் எழுதியிருந்தது. அந்த ஆந்தைகளை வேறு யாருக்காவது விற்கலாம், ஆனால் கம்பெனி பேர் உள்ள லேபிளைப் பிரித்துவிட வேண்டும், மாதிரிக்கு ஒன்றைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றும் இருந்தது. நந்து அன்றைக்கே படம் எடுத்து அனுப்பினான். 'நான் விடுமுறையில் இருக்கிறேன்' என்று மெயிலில் தானியங்கிப் பதில் வந்தது. அது கம்ப்யூட்டர் தானாகப் போட்டது என்று தெரியாமல், 'மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள் மேடம், குழந்தைகளுக்கு என் அன்பு' என்று இவன் பதில் போட்டான். அதற்கும் 'நான் விடுமுறையில் இருக்கிறேன்' என்றுதான் வந்தது.

3

ஜோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் கடைத்தெருவில் அவளுக்கென்று சொந்தக் கடை இருந்தது. கம்பளி நூல், குழந்தைகளுக்கான உடுப்பு, பொத்தான், ஊசி எல்லாம் விற்பாள். எனக்கு முதல் வேலை கொடுத்தவள் அவள்தான். எந்தக் குழந்தைக்கு எந்த அளவு என்று பேர் பேராகத் தெரியும். சுற்றுச்சாலையில் பெரிய கடை வந்தது. அவள் என்ன விலைக்கு வாங்கினாளோ அதைவிடக் குறைந்த விலைக்கு அங்கே விற்றார்கள். முதலில் மீன் கடை மூடியது, அப்புறம் செருப்புக் கடை, அப்புறம் ஜோனின் கடை. அவளும் நானும் ஒரே நாளில் அதே பெரிய கடைக்கு மனுப் போட்டோம். முதலாளியும் வேலைக்காரியும் ஒரே சீருடையில் வந்து நின்றபோது வயிறு வலிக்கச் சிரித்தோம். வேறென்ன செய்வது?

திருப்பூரில் கதை வேறு மாதிரி நடந்தது. அங்கே அந்தக் கம்பெனி வந்தது எல்லோருக்கும் கொண்டாட்டம். நந்து ஆரம்பத்தில் பல பேருக்குத் தைத்தான். கேரளாவுக்கு ஜட்டி, மும்பைக்கு பனியன், பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை. இந்தக் கம்பெனியின் ஆர்டர் பெருகப் பெருக மற்றவர்களை ஒவ்வொருவராகக் கைவிட்டான். அவர்களுக்காகவே மெஷின் வாங்கினான், அவர்கள் சொன்ன நிறத்தில் சுவருக்குப் பெயின்ட் அடித்தான். இங்கே வெயில் அடித்தால் அங்கே ஓவர்டைம், இங்கே மழை பிடித்துக்கொண்டால் அங்கே லீவு என்று ஆனது. ஜோன் அந்தக் கடையால் தெருவுக்கு வந்தாள், என் தம்பி அதே கடையால் கார் வாங்கினான். நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

4

ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த டிக்கெட்டில் நானும் மகள் இனியாவும் ஊருக்குப் போனோம். இனியாவுக்குப் பதினைந்து வயது. அவள் தமிழ் எப்படி என்றால், வாசலில் வந்து வரவேற்ற மாமனைப் பார்த்து, "மாமா, நீ நல்லா இருக்கியா?" என்றாள். கொங்கு நாட்டில், தாய்மாமனைப் பார்த்து 'நீ'! நந்து பெருந்தன்மையாக, "நல்லா இருக்கனுங்க கண்ணு" என்றான். அவன் மனைவி சுதா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நந்துவின் தையல் யூனிட்டுக்குள் நுழைந்தால் நடக்க இடமில்லை. அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. பிரித்த பெட்டிகளிலிருந்து ஆந்தைகள் எட்டிப் பார்த்தன. நல்ல அழகான ஆந்தை. வெளிர் மஞ்சள் துணியில் ரோஸ் நிற இறக்கை, உருண்டைக் கண். இங்கிலாந்துக் குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்கியிருக்கும்.

"நங்கை, இதுங்க மொகத்துல முழிச்சுத்தான் இந்த கெதியாச்சு" என்றாள் சுதா. எங்கள் பக்கம் கணவரின் அக்காவை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். "பெட்டிய எல்லாம் செவுத்தப் பாத்துத் திருப்பி வெய்யுங்கன்னு சொல்லிப்போட்டனுங்க. கேட்டாத்தானே!"

மெஷின்கள் பெரும்பாலும் உறை போட்டு மூடியிருந்தன. தைக்கிறவர்களில் பலரை நந்து வேறு யூனிட்டுகளுக்கு அனுப்பி வைத்திருந்தான், திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி. எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் வாங்கும் பாலைக் குறைத்துவிட்டார். சாப்பாடு கொண்டு வரும் மெஸ்காரம்மா தினமும் வந்து, "நாளைக்குச் சேத்தி ஆக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தீபாவளிக்குள் இந்தச் சரக்கு போகவில்லை என்றால் யூனிட்டை மூடிவிட்டு யாரிடமாவது சூப்பர்வைசராகப் போய்விடுவது என்று நந்து முடிவு செய்திருந்தான். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை, சுதாதான் சொன்னாள்.

நந்துவும் நானும் காதர்பேட்டைக்குப் போனோம். ஏற்றுமதியில் மிஞ்சிய துணியெல்லாம் அங்கேதான் விலைபோகும். ஒரு வியாபாரி துணியைத் தடவிப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார், "அருமையான சரக்குங்க" என்றார். அப்புறம் மடிப்பைப் பிரித்து ஆந்தையைப் பார்த்தார். சூடு பட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இதையா கொழந்தைக்குப் போடறது? சும்மா குடுத்தாலும் எங்கூட்டுக்குள்ள எடுத்துட்டுப் போக முடியாதுங்க."

அடுத்த கடையிலும் அதே கதை. அதற்கடுத்த கடையில் உள்ளேயே விடவில்லை. செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது.

5

நந்துவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆந்தையைக் கிளியாக மாற்றிவிடலாம். நல்லூரில் பிரின்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜெபராஜ் அண்ணனிடம் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு நந்துவும் நானும் இனியாவும் போனோம். அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்டவர். ஆந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, முட்டக்கண்ண வச்சிக்கிட்டு முழிக்கி. இத எப்படிய்யா கிளியாக்கது?"

"பச்சை அடிச்சு, மூக்குல சிவப்பு வெச்சாப் போதுங்கண்ணா."

"சரி, செஞ்சி பாப்போம். எம்மேல வருத்தப்படக் கூடாது பாத்துக்கிடுங்க."

மத்தியானம் துணி காய்ந்து வெளியே வந்தது. பச்சை உடம்பு, சிவந்த மூக்கு, நடுவில் அந்த உருண்டைக் கண். கிளி மாதிரியும் இல்லை, ஆந்தை மாதிரியும் இல்லை. ஜலதோஷம் பிடித்த போலீஸ்காரர் யாரோ நம்மை விசாரிக்க வந்த மாதிரி இருந்தது. ஜெபராஜ் அண்ணன் அதைத் தன் நெஞ்சின்மேல் வைத்துக் காட்டினார். முதலில் இனியா வெடித்தாள். அடுத்து நான். நந்து பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. தொழில் முழுகப் போகிற நேரத்தில் இப்படி ஒரு சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

6

சரக்கு போகாவிட்டாலும் லேபிளைப் பிரித்துத்தானே ஆக வேண்டும். கம்பெனியின் அனுமதி ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். நான், சுதா, நந்து, இனியா, யூனிட்டில் மிச்சமிருந்த சிலர். இனியாவுக்குப் பக்கத்தில் மௌசுமி உட்கார்ந்தாள். மேற்கு வங்கத்துக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் மெஷின் ஓட்டுகிறாள், அவள் கணவன் பாபி அயர்ன் செய்கிறான்.

"கண்ணு, நூலப் பாத்துப் பிரிக்கோணும். இழுத்தா ஓட்டையாயிரும்" என்று மௌசுமி இனியாவுக்குக் கற்றுக்கொடுத்தாள். வங்காளத்துப் பெண் கொங்குத் தமிழ் பேசுகிறாள், வேலம்பாளையத்துப் பேத்தி முழித்துக்கொண்டு என்னிடம் இங்கிலீஷில் அர்த்தம் கேட்கிறாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது.

வேலை முடியும் நேரத்தில் மௌசுமி எழுந்து நந்துவிடம் வந்து தயங்கி நின்றாள்.

"அண்ணா, பூஜைக்கு ஊருக்குப் போறமுங்க. புள்ளைக்கு இதுல ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா? அக்கா புள்ளைங்களுக்கும் வேணுமுங்க. காசு குடுத்துடறமுங்க."

சுதா பதறிப்போனாள். "ஏம்மா, பண்டிகையும் அதுவுமா பச்சக் கொழந்தைக்கு ஆந்தையப் போடுவியா?"

"ஏனுங்கக்கா? லட்சுமியோட வாகனமாச்சேங்க இது!"

வட்டத்தில் எல்லோருடைய கையும் நின்றது.

"எங்க ஊர்ல லட்சுமி பேச்சா மேலதானுங்க வருவாங்க." பேச்சா என்றால் அவர்கள் பாஷையில் ஆந்தை. "துர்கா பூஜை முடிஞ்சு பௌர்ணமிக்கு ஊட்டுக்கு ஊடு லட்சுமி பூஜைங்க. வாசல்ல இருந்து கோலத்துல லட்சுமி காலு போட்டு, பேச்சாவும் போடுவமுங்க. வெள்ளப் பேச்சா ஊட்டுக்குள்ள வந்தா வெரட்ட மாட்டமுங்க."

"இத ஏம்மா இத்தன நாளாச் சொல்லுல?" என்று கேட்டான் நந்து.

மௌசுமி ஆச்சரியமாகப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதுங்களா? இத்தன பெட்டி போகுதே, வெள்ளக்காரங்களும் லட்சுமிய கும்பிடறாங்க போலன்னு நெனச்சனுங்க."

எந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பது என்று தெரியவில்லை. இனியாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் பாயில் மல்லாந்துவிட்டாள். சுதா மட்டும் சிரிக்கவில்லை. "லட்சுமி வாகனத்தையா நான் செவுத்தப் பாத்துத் திருப்பி வெக்கச் சொன்னேன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். திரும்பி வரும்போது கையில் குங்குமச் சிமிழ். ஒரு பெட்டி விடாமல் பொட்டு வைத்தாள்.

7

பாபியின் சித்தப்பாவுக்கு அவர்கள் ஊர்ச் சந்தையில் துணிக்கடை இருந்தது. பாபி அங்கேயே நின்று வீடியோ போன் போட்டான். திரையில் ஒரு பெரிய மீசை தெரிந்தது. பாபி ஆந்தையைக் காட்டியதும் மீசை விலகிப்போய்ப் பல் தெரிந்தது. அவர் என்ன சொன்னார் என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை, ஆனால் எப்படிச் சொன்னார் என்பது நன்றாகவே புரிந்தது. பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டார். அவர்களும் திரைக்குள் தலையை நுழைத்தார்கள். அங்கே பூஜைக்குப் புதுத்துணி எடுக்கிற காலம். முழுக்கை உடுப்பு வரப்போகும் குளிருக்கும் ஆகும் என்று பாபி எங்களுக்கு விளக்கினான்.

முதல் பெட்டிகள் ரயிலில் போயின. நாங்கள் கிளம்புவதற்குள் சித்தப்பா இன்னும் கேட்டுவிட்டார். அடுத்த ஊர்ச் சந்தைக்காரர்களும் கேட்டார்கள். மூடியிருந்த முன்வரிசை மெஷின்களின் உறையைக் கழற்றிவிட்டு, அந்த மேஜைகளின்மேல் வைத்து மடித்து மடித்துக் கட்டினார்கள். டீக்கடைக்காரர் தானாகவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கிளம்புகிற அன்றைக்கு இனியா மாமன் முன்னால் போய் நின்று, "போயிட்டு வரனுங்க மாமா. நீங்க நேரத்துக்குச் சாப்பிடோணுமுங்க" என்றாள். அசல் மௌசுமி குரல். சுதாவின் முந்தானை மறுபடியும் வாய்க்குப் போனது. நந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

8

எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆந்தைகள் போய்விட்டன, தீபாவளிக்கு நந்து எல்லோருக்கும் போனஸ் கொடுத்தான், யூனிட் மூடவில்லை. ஆனால் கடைசி வரிசை மெஷின்கள் இன்னும் உறைக்குள்தான் இருக்கின்றன. வங்காளத்துக் கடைகள் பொங்கலுக்குப் பிறகும் ஏதேதோ கேட்டுக்கொண்டிருக்கின்றன. பழைய கேரளா ஆட்களை நந்து தேடிப் போய்ப் பார்த்தான். ஒருவர் திட்டிவிட்டு ஆர்டர் கொடுத்தார், ஒருவர் திட்ட மட்டும் செய்தார். முன்பு ஒரே ஆளிடமிருந்து வந்தது, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பலரிடமிருந்து வருகிறது.

போன வாரம் நானும் ஜோனும் ஓய்வறையில் இருந்தோம். எங்கள் உடம்பெல்லாம் மெழுகுவத்தி வாசனை. விற்காமல் கிடப்பதைத் தினமும் இடம் மாற்றி மாற்றி அடுக்கச் சொல்கிறார்கள். அப்போது நந்து போன் செய்தான்.

"அக்கா, உங்க கம்பெனியில இருந்து கூப்பிட்டாங்க. முன்னைவிடப் பெரிய ஆர்டருங்க. அடுத்த வருசம் முழுக்கத் தைக்கலாமாமுங்க."

"அடேயப்பா! அப்புறம்?"

"ஒரே ஒரு கண்டிஷனுங்க. எப்ப வேணும்னாலும் நிறுத்திக்குவாங்களாம், பெட்டி கட்டுன பொறவும். அதுல கையெழுத்துப் போடோணுமாமுங்க."

"நீ என்ன சொன்னே?"

"முடியாதுங்கன்னு சொல்லிப்போட்டனுங்க்கா." அவனாலேயே அதை நம்ப முடியவில்லை. "துணி வெட்டுன பொறவு நிறுத்தறதா இருந்தா வேண்டாமுங்க மேடம்னேன். வேற எடம் பாத்துக்கறோம்னாங்க. பாத்துக்குங்கன்னு சொல்லிட்டனுங்க. சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தாண்டா சொன்னே!" என்று கத்தினேன். கத்தியதோடு நிற்காமல் எழுந்து ஒரு குதி குதித்தேன். என் வயசுக்கு அது அதிகம். ஜோன் கோப்பையை வைத்துவிட்டு விஷயம் என்னவென்று கேட்டாள். சொன்னேன். சொந்தக் கடையை இழந்த அந்தப் பெண் மேஜையில் ஓங்கித் தட்டிச் சிரித்த சத்தத்தில் கிரெய்க் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"என்ன நடக்கிறது இங்கே?"

"இவள் தம்பி முடியாது என்று சொல்லிவிட்டானாம்" என்றாள் ஜோன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"யாரிடம்?"

சட்டையில் குத்தியிருந்த கம்பெனி பேட்ஜை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"நம்மிடம்தான்" என்றேன்.